புள்ளியும் தூசியும்

அரபு எழுத்தறிந்தோர்க்குப் புள்ளியின் அருமை தெரியும். கீழே ஒன்றிருந்தால் ‘பா’, மேலே இரண்டிருந்தால் ‘தா’, மூன்றிருந்தால் ‘ஸா’. அரபியில் இல்லாத தமிழோசைகளைக் குறிக்க நம் முன்னோர் மேலும் சில புள்ளிகளை இட்டு அரபுத் தமிழை எழுதினர். புள்ளி மறைந்தால் சொல் மாறும்; சொல் மாறினால் பொருள் கெடும்.

சில ஆண்டுகளாக, வீட்டுப் பரண்களில் செல்லரித்துக் கிடக்கும் கையெழுத்துக் கிதாபுகளைப் படம் பிடித்து வைப்பதை ஓய்வுநேரப் பணியாகக் கொண்டிருக்கிறேன். மதரஸா ஆசிரியரின் ஊதியம் புதிய கருவிகளுக்கு இடங்கொடாது. ஆதலின் கேமரா லென்ஸின் முன் பொருத்தும் ஃபில்டர்களைப் பிறர் பயன்படுத்தியவையாகவே வாங்குகிறேன். ஒன்று, ஏட்டுத் தூசியிலிருந்து லென்ஸைக் காக்கும் வெற்றுக் கண்ணாடி. மற்றொன்று, மெருகிட்ட தாளின் பளபளப்பைத் தணிக்கும் போலரைசர்.

ஃபில்டரில் ஒட்டிய தூசி படத்தில் புள்ளியாக விழும் என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அவ்வாறு விழுவதில்லை. லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் அது உருத்தெரியாமல் கலைந்துவிடும். தீங்கு வேறு வகையில் வருகிறது. அழுக்கும் விரல் பசையும் ஒளியைச் சிதறடித்துக் கறுப்பைச் சாம்பல் நிறமாக்கிவிடும். முன்னரே மங்கிப்போன மையில் இட்ட புள்ளி அந்தச் சாம்பலில் கரைந்துபோகும். அக்கிதாபு அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாவிடின், படத்தில் விழாத புள்ளியை வேறெங்குத் தேடுவது?

ஆகவே தூய்மை வேண்டும். ஆனால் அவசரம் ஆகாது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும். அதைக் குறைக்கவே மிக மெல்லிய பூச்சு இடப்படுகிறது. தூசியிலோ மணல் துகள் கலந்திருக்கும். எடுத்த எடுப்பில் மேல்துண்டால் துடைப்பவர், அப்பூச்சின்மேல் மணலை வைத்துத் தேய்க்கிறார்.

முதலில் ரப்பர்க் குமிழால் காற்றை ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அடுத்து மென்மயிர்த் தூரிகை. அதன் பின்னும் கறை நின்றால் மட்டுமே, லென்ஸ் துடைக்கும் திரவத்தைத் தூய மைக்ரோஃபைபர் துணியில் ஒரு துளி இட்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வட்டமாக மெல்லத் துடைக்கலாம். போலரைசரில் இரு கண்ணாடிகளுக்கிடையே மெல்லிய தகடு ஒட்டப்பட்டிருக்கும். விளிம்பின் வழியே ஈரம் புகுந்தால் ஒட்டு விட்டுவிடும். அதை ஒருபோதும் நீரில் அமிழ்த்தலாகாது.

வாங்கும்போதே விளக்கொளியில் சாய்த்துப் பார்ப்பது நலம். வெண்ணிழை பின்னியதுபோல் பூஞ்சணம் தெரிந்தால் விட்டுவிடுக. துடைத்தாலும் அது அரித்த தடம் கண்ணாடியில் எஞ்சக்கூடும். பழைய தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், நம் கடலோர ஊர்களில் அதுவே பூஞ்சணத்துக்கு வீடாகிறது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைப்பதே ஏற்றது.

துடைத்து முடித்ததும், மிக மங்கிய பக்கமொன்றை ஃபில்டருடனும் அஃதின்றியும் படமெடுத்து ஒப்பிடுவேன். புள்ளிகள் குறையாதிருந்தால் பணியைத் தொடங்குவேன்; குறைந்தால் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிடுவேன். எழுதியவர் இட்ட புள்ளியைக் குறைக்க நமக்கு உரிமையில்லை.