ஒரு கதவு போதும்

புனேக்கு வந்து ஓராண்டாகிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரிலுள்ள தம்பியும் நானும் மைன்கிராஃப்ட் ஆடுவோம். ஆட்டத்தை நடத்துவது என் அறையிலுள்ள கணினி.

முதல் நாள், "அண்ணே, உள்ளே வர முடியலையே!" என்றான் தம்பி. ரவுட்டர் வழிவிடவில்லை. அவசரத்தில் டி.எம்.இசட். என்ற வசதியை இயக்கினேன். கதவைத் திறப்பதற்குப் பதில் மதிலையே இடித்துவிட்டேன்! மறுநாள் கணினியின் பதிவேட்டைப் பார்த்தேன். முன்பின் அறியாதார் இரவெல்லாம் கடவுச்சொற்களை ஊகித்து முயன்றிருந்தனர். என் ஆய்வு முடிவுகள் அனைத்தும் அதே கணினியில்! நெஞ்சு நடுங்கிற்று.

பிறகுதான் கற்றேன். 65,535 வரை எண்ணுள்ள போர்ட்டுகளில் ஜாவா பதிப்புக்கு வழக்கமாக வேண்டியது 25565 ஒன்றே. டி.எம்.இசட்.டை நிறுத்தினேன். கணினிக்கு மாறாத உள்முகவரி தந்து, அந்த ஒரு போர்ட்டை மட்டும் அதற்குத் திருப்பினேன். கேளாமலே கதவு திறக்கும் யூ.பி.என்.பி.யையும் அணைத்தேன். ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றினேன். ஆட்டத்தின் அனுமதிப் பட்டியலில் தம்பிக்கும் எனக்குமே இடம். பலர் ஒரே வெளிமுகவரியைப் பகிரும் இணைப்பாயின் இம்முறை பயன்படாது என்பதையும் அறிந்தேன்.

நண்பர்களே, தம்பி வர ஒரு கதவு போதும். ஆட்டம் முடிந்ததும் அதையும் நான் அடைத்துவிடுகிறேன்.