குழல் ஆறட்டும்

'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. தீங்கு செய்தவனை விடுத்து அவன் கைக்கருவியைப் பழிப்பது பேதைமை என்பது அதன் பொருள். அறநெறியில் இக்கூற்று முற்றும் பொருந்துவதே. ஆயின் வேட்டைத் துப்பாக்கியைப் பொறுத்தவரையில் அம்பையும் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டியிருக்கின்றது. கூரிய கண்ணும் நடுங்காத கையும் உடையவன் சுட்டாலும், சூடேறிய குழல் குண்டை வேறோரிடத்துக்கு அனுப்பிவிடக்கூடும். இரும்பின் இவ்வியல்பையும், அதனை அறிந்து பேணிய சிலரையும் பற்றிச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைப்பீட மாணவன் ஒருவனுக்குத் துப்பாக்கிக் குழலில் என்ன அக்கறை என்று வாசகர் வினவக்கூடும். நான் பிறந்து வளர்ந்தது கினிகத்தேனையை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில். என் தாத்தா 1950களின் பிற்பகுதியில் அங்கே துரை பங்களாவில் வேலை செய்தவர். துரை வேட்டைக்குப் புறப்படும் நாள்களில் துப்பாக்கியைச் சுமந்து செல்வதும், திரும்பி வந்தபின் அதனைத் துடைத்து வைப்பதும் அவருக்கு இடப்பட்ட பணிகள். துப்பாக்கியின் பாரம் அவர் தோளில் இருந்தது. சுடும் உரிமை துரையிடம் இருந்தது. அந்நாள்களில் அவர் கற்ற பாடம், பிற்காலத்தில் எங்கள் லயத்தில் ஒரு வழக்குத்தொடராகவே ஆகிவிட்டது. ஆவி பறக்கும் தேநீரை அவசரப்பட்டு வாயில் வைக்கும் பேரனிடமும், சினத்தால் சொல் தடித்து நிற்கும் அயலவரிடமும் அவர் ஒன்றையே கூறுவார்: "குழல் ஆறட்டும்."

இத்தொடரின் பின்னே உள்ள பௌதிகவியலை விஞ்ஞான பீடத்து நண்பர் ஒருவர் எனக்கு விளக்கினார். உருக்கின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயரும்போது, ஒரு மீற்றர் நீளத்துக்கு ஏறத்தாழ 0.012 மில்லிமீற்றர் அளவில் அது நீளும். குழல் எப்புறமும் ஒரே சீராக நீளுமாயின் குறிக்குப் பெரும் பாதிப்பு நேராது. ஒரு புறம் மற்றைய புறத்தைவிடக் கூடுதலாகச் சூடேறும்போதே இடர் தொடங்குகின்றது. 60 சென்ரிமீற்றர் நீளமும் 2 சென்ரிமீற்றர் தடிப்பும் கொண்ட குழல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் இரு புறங்களுக்கும் இடையே ஒரே ஒரு பாகை வேறுபாடு இருந்து, குழல் தடையின்றி வளையுமாயின், அதன் வாய் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் விலகும். கண்ணுக்குப் புலப்படாத விலகல் இது. எனினும் வாய் நோக்கும் திசையும் கூடவே திரும்பிவிடுவதால், 100 மீற்றர் தொலைவில் குண்டு ஏறத்தாழ 36 மில்லிமீற்றர் தள்ளிப் பாயும். வேறுபாடு ஐந்து பாகையானால் விலகல் ஒரு சாணை அண்மித்துவிடும். கதிரவனின் வெப்பமோ, சூடேறிய குழலின் மேற்புறத்தில் விழும் மழைத்துளியோ இவ்வேறுபாட்டைத் தோற்றுவிக்கப் போதியது. போர்த் தாங்கிகளின் நீண்ட பீரங்கிக் குழல்களுக்கு வெப்பத்தைச் சீர்செய்யும் உறை அணிவிக்கப்படுவதும் இக்காரணம் பற்றியே.

வெயிலும் மழையும் படாத இடத்திலும் குழல் வளைவதுண்டு. அதற்குக் காரணம் அது பிறந்த விதம். உருக்குத் தண்டைத் துளைத்து, உட்சுவரில் சுரிகளை அமைத்து, வளைந்ததை நிமிர்த்தி ஒரு குழலை ஆக்கும்போது, அதன் உள்ளே இழுவிசைகளும் அமுக்கவிசைகளும் தங்கிவிடுகின்றன. சுரிகளை வெட்டி எடுக்கும் முறையைவிட, கடினமான குமிழ் ஒன்றை உள்ளே செலுத்தி அழுத்தியோ, வெளியிலிருந்து சம்மட்டியால் அடித்தோ அமைக்கும் முறைகள் இத்தகைய விசைகளை மிகுதியாக விட்டுச் செல்லும். குளிர்ந்திருக்கும்வரை அவை ஒன்றையொன்று தாங்கி அடங்கியிருக்கும். சூடேறியதும் அச்சமநிலை குலைய, குழல் தன் பழைய வளைவை நாடத் தொடங்கும். நல்ல குழல் செய்வோர் இதனை அறிந்து, அதனை உலையில் ஏறத்தாழ 500 முதல் 600 பாகை வரை சூடாக்கி, சிறிது நேரம் அந்நிலையில் வைத்து, மெல்ல மெல்ல ஆறவிடுவர். வெப்பத்தால் வரும் நோய்க்கு வெப்பமே மருந்தாவது இங்ஙனமே. அம்மருந்தின் பயன் முழுதும் ஆறவிடும் பொறுமையில்தான் தங்கியிருக்கின்றது. அண்மைக் காலத்தில் குழலைத் திரவ நைதரசனின் குளிர்நிலையாகிய மறை 196 பாகை வரை குளிரூட்டும் முறையும் விளம்பரப்படுத்தப்படுகின்றது. ஆயினும் அது குறியைத் திருத்தும் என்பதில் வல்லுநரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

மலைநாட்டு வேட்டைக்கு மற்றோர் இடையூறும் உண்டு. கினிகத்தேனையும் அதனை அடுத்த வட்டவளையும் நாட்டிலே மிக அதிக மழை பெறும் இடங்களைச் சேர்ந்தவை. ஈரத்தை உறிஞ்சிய மரப்பிடி பருத்து, குழலை ஒரு புறமாக அழுத்தும். இரண்டாம் உலகப் போரின் இறுதிக்கட்டத்தில் காட்டுப் போருக்கென இலகுவாக்கப்பட்ட லீ-என்பீல்ட் 5ஆம் இலக்கத் துப்பாக்கி, வைத்த குறியில் நில்லாது அலைகின்றது என்னும் முறைப்பாட்டுக்கு ஆளாகி, 1947இல் அதன் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. துருவோ இதனினும் கொடியது. பழைய தோட்டாக்களின் எரியூட்டிக் கலவை வெடித்தபின் ஒருவகை உப்பைக் குழலினுள் விட்டுச் செல்லும். அவ்வுப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து ஓரிரவிலேயே துருவை விளைவிக்கும். எண்ணெய்க்கு அது கரையாது, நீருக்கே கரையும். இதனாலேயே தாத்தா பங்களாச் சமையலறையில் கேத்தலில் நீரைக் கொதிக்கவைத்து, குழலினூடே ஊற்றி, துணியால் ஈரம் போக்கி, அதன்பின் எண்ணெய் இடுவார். இரசாயனம் கற்றவரல்லர் அவர். எழுத்தறிவு அவருக்குத் தன் பெயரளவில் நின்றது.

இவ்வறிவு மதிக்கப்பட்டதா என்பதே நம் வினா. ஒருமுறை துரை, மறுநாள் வேட்டைக்கு ஆயத்தமாகப் பங்களாவின் பின்புறத்தில் குறிப்பலகை நாட்டி, பத்துப் பன்னிரண்டு வெடிகளை ஓய்வின்றித் தீர்த்தார். குண்டுகள் வரவர ஒரு பக்கமாக விலகிச் சென்றன. அவர் முன்குறியைத் தட்டி நகர்த்திச் சரிசெய்தார். "குழல் ஆறட்டும் துரை, ஆறின பிறகு பாருங்க" என்று தாத்தா சொல்ல, அங்கிருந்த விருந்தினர் சிரித்தனராம். சூடான குழலுக்கென அமைந்த குறி, மறுநாட்காலை குளிர்ந்த குழலுக்குப் பொருந்தவில்லை. முதல் வெடியில் இறந்திருக்க வேண்டிய காட்டுப்பன்றி, பின்தொடையில் காயமுற்றுத் தேயிலைக்குள் ஓடி மறைந்தது. அடுத்த நாள் கொழுந்து பறிக்கப் பெண்கள் ஏறவேண்டிய மலை அது. ஆகவே தாத்தாவும் வேறு இருவரும் கவ்வாத்துக் கத்திகளுடன் அதனைத் தேடி அனுப்பப்பட்டனர். மூவருள் ஒருவர் தொடை கிழிந்து வீழ்ந்தார்; வாழ்நாள் முழுதும் காலை இழுத்தே நடந்தார். அன்று துரை தவறவிட்ட அளவு சில அங்குலங்களே. அச்சில அங்குலங்களின் விலையைக் கொடுத்தவர் துப்பாக்கியைத் தொட்டுச் சுடாத ஒருவர்.

ஏட்டில் எழுதப்பட்ட வேட்டை வரலாறும் இதே போக்கினது. 1848இல் நுவரெலியாவில் குடியேறி 1855 வரை வாழ்ந்த சாமுவேல் பேக்கர், இலங்கையில் தாம் ஆடிய வேட்டை பற்றி எழுதிய நூல் புகழ்பெற்றது. பிறிஸ்டல் நகரத்து ஜோர்ஜ் கிப்ஸ் என்பாரைக் கொண்டு 1840இல் அவர் செய்வித்த றைபிள் 21 இறாத்தல் எடையும் 36 அங்குலக் குழலும் உடையது. ஒரு வெடிக்கு ஓர் அவுன்ஸ் கருமருந்தை அது உண்டது. அத்தகைய தடித்த குழல் மெல்லச் சூடேறும்; சூடேறினும் எளிதில் வளையாது. இதனோடு இரட்டைக்குழல் துப்பாக்கிகள் நான்கையும் அவர் வேட்டையில் பயன்படுத்தினார். ஒன்று சுட்டதும் அடுத்தது கையில் தரப்படும். சுட்டவை பின்னே நிற்போர் கையில் ஆறும். அவர்களே மீண்டும் மருந்து கெட்டித்துத் தருவர். எந்தக் குழலும் அளவுக்கு மிஞ்சிச் சூடேறாது காத்ததில் அக்கைகளுக்குப் பெரும்பங்குண்டு என்பது என் துணிபு. நூலின் முகப்பில் ஒரு பெயரே இருக்கின்றது.

இவற்றையெல்லாம் எழுதுவதால் வேட்டையை நான் போற்றுவதாகக் கொள்ளலாகாது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மரை முதலிய விலங்குகளுக்குக் காப்பளிக்கின்றது, அது நன்றே. துரைமாரின் காலமும் 1970களின் காணிச் சீர்திருத்தத்தோடு பெரும்பாலும் முடிவுற்றது. மாறாது நிற்பது வேறொன்று. ஒரு செயல் குறி தவறாது முடியும்போது, அதன் புகழ் முழுவதையும் விசையை அழுத்திய விரலுக்கே உரித்தாக்கும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. குழலை உலையிலிட்டு ஆறவிட்டவன், அதனைச் சுமந்தவன், உப்பைக் கழுவியவன், 'பொறு' என்று கூறிச் சிரிப்புக்கு ஆளானவன் ஆகியோர் அப்புகழில் இடம்பெறுவதில்லை. குறி தவறும்போது மட்டும் காயம்பட்ட பன்றியைத் தேட அவர்கள் அழைக்கப்படுகின்றனர்.

பல்கலைக்கழகத்திலே தொழிலாளரின் அறிவைப் பற்றிப் பேசுகையில், அதனை அனுபவம் என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிட்டு, அறிவு என்னும் சொல்லை ஏடுகளுக்கென வைத்துக்கொள்கின்றோம். கேத்தல் நீரைக் குழலினுள் ஊற்றியவர், எந்த உப்பு எதில் கரையும் என்பதை அறிந்தே ஊற்றினார். சூடான குழலில் வைத்த குறி நில்லாது என்பதையும் அறிந்தே சொன்னார். அச்சொல்லைக் கேட்க அன்று ஒரு செவி இருந்திருந்தால், எங்கள் தோட்டத்தில் ஒரு மனிதர் நேராக நடந்து முதுமை எய்தியிருப்பார்.