உப்பின் மேல் போட்ட பழி

கரூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் வருகிறவர்களில் பாதிப் பேரிடம் சீட்டுக்கூடக் கேட்பதில்லை. முகத்தைப் பார்த்ததும் அட்டையை எடுத்து வைத்துவிடுவேன். "உப்பைக் குறைங்க, ஊறுகாய், அப்பளம், கருவாடு பக்கமே போகாதீங்க, காலையில் நடங்க" என்று கூடவே உபதேசமும் உண்டு. ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று ஒருவரையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்தக் கேள்வி என் பக்கமே திரும்பியிருக்கும்.

கடையைச் சாத்தப் பத்தரை ஆகும். சாப்பிட்டு, கணக்கு முடித்து, படுக்கையில் சாய்ந்ததும் போனை எடுத்துவிடுவேன். பகல் முழுக்க ஊரார் கேட்டதை எடுத்துக் கொடுப்பவனுக்கு இந்த நேரமாவது சொந்தமாக வேண்டாமா என்று ஒரு நியாயம் வைத்திருந்தேன். பழைய படக் காட்சிகள், யாரோ கிணறு வெட்டுவது, யாரோ பிரியாணி கிண்டுவது. ஒன்றரை மணி ஆகிவிடும். ஆறு மணிக்கு எழுந்தாக வேண்டும். "எனக்கு நாலரை மணி நேரத் தூக்கம் தாராளம்" என்று கடையில் நின்று பெருமையடித்திருக்கிறேன்.

கடை மெஷினில் 150/96 என்று காட்டியபோது பழியை உப்பின் மேல் போட்டேன். அதாவது, என் மனைவி மேல். அன்றிலிருந்து அவள் எனக்குத் தனியாகக் குழம்பு வைத்தாள். அதையும் வாயில் வைத்துப் பார்த்து, "உப்பு தூக்கலா இருக்கே, பிரஷர் எப்படி இறங்கும்?" என்பேன். உப்பு நிரபராதி என்று சொல்லவில்லை. அதற்கும் பங்கு உண்டு. ஆனால் உப்பைக் குறைப்பது அவள் வேலை, போனை வைப்பது என் வேலை. எது எனக்கு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

தெரியாமல் செய்ததாகவும் தப்பிக்க முடியாது. டி.பார்ம். படித்தவன் நான். தூங்கும்போது நாடி நிதானப்படும், ரத்தக் குழாய்கள் தளரும், பகலில் இருப்பதைவிட அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். ரத்தக் குழாய்களுக்கு நாளில் கிடைக்கும் ஒரே நீண்ட ஓய்வு அதுதான். தூக்கத்தை நறுக்கினால் அந்த இறக்கமும் குறைகிறது. 24 மணி நேரச் சராசரி ஏறுகிறது. ராத்திரியில் அழுத்தம் இறங்காதவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் அபாயம் கூடுதல். அமெரிக்க இதயச் சங்கம் இதய நலத்துக்கான தன் பட்டியலில் 2022-இல்தான் தூக்கத்தைச் சேர்த்தது. பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம் என்பது அவர்கள் கணக்கு. நானோ அதில் பாதியை வைத்துக்கொண்டு ஊருக்கு வைத்தியம் சொன்னேன்.

டாக்டர் எழுதியது அம்லோடிபைன் 5. பிரஷர் இறங்கவில்லை என்றதும் நானே 10 ஆக்கிக்கொண்டேன். அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கிறது? கணுக்கால் வீங்கியது. அந்த மாத்திரை கூடினால் கால் வீங்கும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறவன், நாள் முழுக்க நிற்பதால் வந்த வீக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டரிடம் அதைச் சொல்லவே இல்லை.

எழுதக் கூசுவது இனிமேல்தான். நான் குறட்டை விடுகிறவன். அடித்துப் போட்டதுபோல் தூங்குவதன் அடையாளம் அது என்றே நினைத்திருந்தேன். நடு ராத்திரியில் மனைவி உலுக்கி எழுப்புவாள். "என்னங்க, மூச்சு நின்னுபோச்சுங்க" என்பாள். "கிடைக்கிறதே நாலு மணி நேரம், அதையும் கெடுக்கிறியா?" என்று கத்துவேன். கொஞ்ச நாளில் அவள் எழுப்புவதை நிறுத்திவிட்டாள். நிம்மதியாகத் தூங்கத்தான் ஹாலில் பாய் போட்டாள் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அவள் அங்கேயும் தூங்கவில்லை; அடுத்த மூச்சு வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். இதைப் பின்னால் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் கேட்டது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை அலறிப்போய் ஆளை அரைகுறையாக எழுப்புகிறது. அட்ரினலின் பாய்ந்து அழுத்தம் குபீரென ஏறுகிறது. காலையில் இது எதுவும் நினைவிருக்காது, தலைவலி மட்டும் இருக்கும். ராத்திரி இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவதும் இதனால் வரலாம். நான் அதைச் சர்க்கரை என்று நினைத்து ரத்தம் கொடுத்துப் பார்த்தேன்; சர்க்கரை சுத்தமாக இருந்தது.

மூன்று விதமான மாத்திரைக்கும் பிரஷர் மசியாதபோது டாக்டர் கேட்டார்: "தூக்கம் எப்படி? குறட்டை உண்டா?" மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். "நல்லா தூங்குறேன் டாக்டர்" என்றேன். அவள் வாயைத் திறக்கப் போனாள். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், மூடிக்கொண்டாள். அவர் சீட்டில் இன்னொரு மாத்திரை ஏறியது. அடுத்த முறை நான் வெளியே பணம் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளோடு பேசவில்லை. நன்றி சொல்ல வேண்டிய ஆள் நான்.

தூக்கத்தைச் சோதிக்க, திருச்சியில் ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்தார்கள். மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைப்பட்டால் கடுமை என்பார்கள். எனக்கு அதையும் தாண்டியிருந்தது. இப்போது மூக்கில் மாஸ்க் மாட்டிக் காற்றை அழுத்தி அனுப்பும் மெஷின் இருக்கிறது. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981-இல் உலகுக்குச் சொன்ன வழி. அதை மாட்டினால் பிரஷர் ஒரேயடியாகச் சரிந்துவிடாது. சராசரியாக இரண்டு மூன்று புள்ளிதான் இறங்கும். மாத்திரையும் வேண்டும், எடையும் குறைய வேண்டும். போனையும் வைக்க வேண்டும்.

போனை வைக்கும் நேரம் பன்னிரண்டுக்கு வந்திருக்கிறது, அதற்கு முன்னால் வரவில்லை. மாஸ்க் மூக்கை அழுத்துகிறது என்று பல நாள் பாதி ராத்திரியில் கழற்றி எறிந்துவிடுகிறேன். டாக்டர் கேட்டால், "தினமும் போடுறேன் டாக்டர்" என்கிறேன். போன வாரம்தான் மெஷின்காரர் சொன்னார், அதற்குள் ஒரு சின்ன கார்டு இருக்கிறதாம். எந்த ராத்திரி எத்தனை மணி நேரம் ஓடியது என்று அது பதிந்து வைத்திருக்குமாம். அடுத்த முறை வரும்போது அதையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.