பெயர் எழுதிய நகரம்

சீனத்தின் சியான் நகரை நான் கண்டதில்லை, நூலகத்தில் படித்ததுதான். தாங் மன்னர்களின் தலைநகராய்ச் சாங்கான் என்ற பெயரில் விளங்கிய ஊர் அது. நகரைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் மதில் ஒரு காட்சி. யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டு சென்ற ஏடுகளைக் காக்க 652-இல் எழுந்த பெரிய காட்டுவாத்துக் கோபுரம் மற்றொன்று. அரசுத் தேர்வில் வென்றோர் அக்கோபுரத்தில் தம் பெயரை எழுதுவது தாங் காலத்து வழக்கம். படித்தவர்க்கு எத்தனை பெருமை!

ஆனால் என் மனம் நின்றது வேறிடத்தில். நகருக்குக் கிழக்கே, 1974-இல் கிணறு தோண்டிய உழவர்கள் கண்ட சுடுமண் படை! முதல் பேரரசரின் கல்லறைக்குக் காவலாக நிற்கும் ஆயிரக்கணக்கான வீரர்கள். அவற்றுள் சில சிலைகளில், செய்த தொழிலாளியின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. வேலையில் குறை நேர்ந்தால் ஆளைப் பிடிக்க அரசு செய்த ஏற்பாடு அது என்பர். புகழுக்காக அன்று, பொறுப்புக் கேட்பதற்காக எழுதிய பெயர்! ஆயினும் ஈராயிரம் ஆண்டு கடந்தும் அது அழியவில்லை.

என் தந்தை கொத்தனார்; கைநாட்டு வைப்பவர். அவர் எழுப்பிய சுவர் எதிலும் அவர் பெயர் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நண்பர்களே, சியானுக்குச் செல்லும் நாள் வாய்த்தால், கோபுரத்துக்கு முன்னே அந்தத் தொழிலாளிகளின் பெயர்களைத்தான் முதலில் காண்பேன்.