பால் திரிந்தால் யார் பொறுப்பு?

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர் பெரியோர். ஆனால் எல்லோரும் வடத்தையே பிடித்தால் தேர் நிலை சேருமா? சக்கரத்தருகே முட்டுக்கட்டை போடவும் ஆள் வேண்டுமன்றோ! வணிகவியல் வகுப்புக்கு வருமுன்பே இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது எங்கள் ஊர்ப் பால் சங்கம்.

எங்கள் வீட்டில் இரண்டு பசுக்கள். அம்மா கறந்து ஊற்றும் பாலைச் சங்கம் அளந்து, கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்து விலை குறிக்கும். வண்டி கேன்களை ஏற்றிக் குளிரூட்டும் நிலையம் சேர்க்கும். மாவட்ட ஒன்றியம் பதப்படுத்தி விற்கும். 1946இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் திரிபுவன்தாஸ் படேல் முன்னின்று தொடங்கிய வழி இது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் இதனை நாடெங்கும் பரப்பியது. தமிழகத்தில் சங்கங்களுக்கும் ஒன்றியங்களுக்கும் மேலாக மாநில இணையம் 1981இல் அமைந்தது.

சென்ற கோடையில் ஒருநாள் வண்டி மூன்று மணி நேரம் தாமதித்தது. பால் திரிந்து, கேன்கள் திரும்பி வந்தன. "திரிந்த பாலை எப்படி வாங்குவது?" என்றனர் நிலையத்தார். "கேனைச் சரியாகக் கழுவவில்லை" என்றார் வண்டிக்காரர். "ஊற்றிய பாலில்தான் குறை" என்றது சங்கம். முடிவில் நட்டம், ஊற்றியவர்களின் பால் பணத்தில்தான் கழிந்தது. "ஊத்துனப்ப நல்லாத்தானேங்க இருந்துச்சு?" என்று அம்மா கேட்டார். பதில் சொல்வாரில்லை.

காரணம் என்ன? சங்கத்தில் அளந்ததற்குச் சீட்டு உண்டு. அதன்பின் பால் கைமாறிய நேரத்துக்கோ எழுத்தே இல்லை! கறந்த சூட்டில் கிருமிகள் விரைந்து பெருகும். 4 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரும்வரை ஒவ்வொரு மணி நேரமும் பாலின் ஆயுளைக் குறைக்கும். அப்படியிருக்க, அந்த நேரத்துக்கு எவரும் பொறுப்பேற்கவில்லை.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் அம்மாவும் மற்றப் பெண்களும் எழுந்து கேட்டனர். இன்று கேன்களுடன் ஒரு நோட்டும் போகிறது. கறவைப் பாத்திரத்தின் சுத்தம் ஊற்றுபவர் பொறுப்பு. கேனும் சோதனையும் சங்கத்தின் பொறுப்பு. நேரம் வண்டியின் பொறுப்பு. வாங்கியபின் குளிர்விப்பது நிலையத்தின் பொறுப்பு. கைமாறும் இடந்தோறும் மணியும் கையொப்பமும் உண்டு. எவர் கையில் கெட்டதோ, நட்டம் அவருடையது.

எழுதி வைத்தால் நம்பிக்கை குறையும் என்று சிலர் அஞ்சினர். நான் கண்டதோ வேறு. சந்தேகம் போயிற்று, உறவு நிலைத்தது. தோழர்களே! நாளை நாம் எத்தொழிலில் கூட்டுச் சேர்ந்தாலும், லாபத்தைப் பங்கிடுமுன் பொறுப்பைப் பங்கிடுவோம். இல்லையேல் நட்டம் என்றும் எளியவர் தலையிலேயே விடியும்.