வழியோர ஞாபகச் சின்னங்கள்

ஒரு தேசத்தின் சரித்திரத்தை அதன் தலைநகரத்துப் பொருட்காட்சிச் சாலையில் தேடுவதே நம்மவர் வழக்கம். ஆனால், அயர்லாந்தில் குடியேறி, ஓய்வு கிட்டும்போதெல்லாம் அதன் தெற்கையும் மேற்கையும் சுற்றிவரும் எனக்கு, இந்நாட்டார் தங்கள் ஞாபகங்களில் மிகத் துக்ககரமானவற்றைக் கூரைக்குள் பூட்டிவைக்காமல், மழை பெய்யும் வெட்டவெளியில், ஆடு மேயும் பாதையோரத்தில் நிறுத்தியிருப்பதே பெரிய விசேஷமாகத் தோன்றுகிறது. சுவரில் பதித்த பச்சைத் தபால்பெட்டியைக்கூட உற்றுநோக்கினால், வர்ணத்தின் அடியில் விக்டோரியா மகாராணியாரின் முத்திரை எழுத்துக்கள் புடைத்து நிற்பதைச் சில ஊர்களில் காணலாம். 1922-ல் சுய ஆட்சி கிடைத்தபின் சிவப்பின்மேல் பச்சை பூசினார்களேயன்றி இரும்பை உடைத்தெறியவில்லை. எல்லாவற்றையும் அப்படி விட்டுவைத்தார்கள் என்பதற்கில்லை. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கு டப்ளின் நகரில் எழுப்பியிருந்த ஸ்தூபி 1966-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

எனினும், என் மனத்தை ஆட்கொண்டவை பஞ்சத்தின் சின்னங்களே. 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதில் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டு, ஏறக்குறைய அதே அளவினர் கப்பலேறிய அந்த மகா கோரத்தை, முரிஸ்க் என்னுமிடத்தில் ஜான் பெஹன் பாய்மரக் கயிறுகளுக்குப் பதில் எலும்புக்கூடுகள் தொங்கும் வெண்கலக் கப்பலாக வடித்திருக்கிறார். கார்க் மாவட்டத்து மிடில்டன் ஊர்ப் பூங்காவிலோ, அலெக்ஸ் பென்டெக் என்ற சிற்பி எஃகில் சமைத்த ஒன்பது கழுகிறகுகள், ஆளைப்போல் மூன்று பங்கு உயரத்துக்கு எழுந்து, வட்டமாய் வளைந்து, வெறும் உணவுக் கலத்தின் வடிவில், ஓர் உதவிக்கு நன்றியாக நிற்கின்றன. அமெரிக்க ஆதிக்குடிகளான சாக்டா மக்கள், தங்கள் பூர்விக நிலத்திலிருந்து துரத்தப்பட்டு, வழியெல்லாம் உற்றாரைப் பறிகொடுத்துப் பதினாறு ஆண்டுகளே கழிந்திருந்த நிலையில், கண்டறியாத ஐரிஷ் ஏழைகள் பட்டினி கிடப்பதைக் கேள்வியுற்று, 1847-ல் தங்களுக்குள் 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். இல்லாதவர் இல்லாதவருக்கு ஈந்த அந்தத் தர்மத்தைவிட உயர்ந்த கொடையை நான் சரித்திரத்தில் படித்ததில்லை. அந்த நன்றி உலோகத்தோடு நின்றுவிடவுமில்லை: 2020-ல் கொள்ளைநோய் பரவியபோது, நவஹோ, ஹோப்பி என்னும் வேறு ஆதிக்குடிகளின் நிவாரண நிதிக்கு, சாக்டாக்களின் உதவியை நினைவுகூர்ந்து, ஐரிஷ் ஜனங்கள் தாராளமாகப் பொருள் வழங்கினார்கள்.

மேயோ மாவட்டத்தின் டூலாக் பள்ளத்தாக்கிலோ சிற்ப அலங்காரம் ஏதுமில்லை. ஏரிக்கரையில் ஒரு சாதாரணக் கற்சிலுவை, அவ்வளவே. 1849 மார்ச் மாத இறுதியில், நிவாரணம் பெறத் தகுதியுண்டா என்று அதிகாரிகள் பரிசோதிப்பதற்காக, லூயிஸ்பர்க்கிலிருந்து சுமார் பன்னிரண்டு மைல் நடந்து டெல்ஃபி மாளிகைக்கு வருமாறு பணிக்கப்பட்ட பசித்த மக்களில் பலர், குளிரிலும் மழையிலும் இவ்வழியில் விழுந்து இறந்தார்கள். அவர்களுக்காக நாட்டிய அந்தக் கல்லில் மகாத்மா காந்தியின் வாக்கியம் ஒன்று பொறித்திருப்பதைக் கண்டபோது, அந்நிய பூமியில் நிற்கிறோம் என்ற உணர்வே என்னை விட்டு அகன்றது.

அன்று அயர்லாந்தை ஆண்ட அதே பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ், தாது வருஷப் பஞ்சத்தில் நம் சென்னை ராஜதானியில் மடிந்தவர்களும் லட்சக்கணக்கானவர்கள். இங்கே பட்டினியாளர்களைக் கொண்டு மலைச்சரிவுகளில் சாலை போடுவித்ததுபோல், அங்கே 1877-78-ல் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதியைப் பஞ்சக் கூலிகள் வெட்டினார்கள். அந்தக் கால்வாய்க் கரையில் எத்தனையோ முறை நடந்திருந்தும், அவர்களைக் குறிக்கும் கல் ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை. சிற்பியைத் தேட வேண்டியதில்லை. அந்த ஆண்டையும், வெட்டியவர்கள் பசித்திருந்தார்கள் என்னும் செய்தியையும் பொறித்த ஒரு கல், பறக்கும் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் படிக்கும்படியாக, கால்வாயை ஒட்டிய ஏதேனும் ஒரு நிலையத்தின் வாயிலில் நாட்டப்பட வேண்டும் என்று விரும்புகிறேன்.