புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்பது பேர்

சிதம்பரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. 'உனக்கு எதுக்கும்மா பாய்மரக் கப்பல் ஆசை?' என்று மகள் இன்றும் கேலி செய்வாள். 2018-ல் நம் கடற்படையைச் சேர்ந்த அபிலாஷ் டோமி, தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் பந்தயத்துக்குப் பிரான்ஸிலிருந்து கிளம்பினார். ஜி.பி.எஸ். கூடாது, சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்தே வழி கண்டுபிடிக்க வேண்டும் என்பது பந்தய விதி. அவர் படகு எங்கே இருக்கிறது என்று கரையில் இருக்கும் நாம் மட்டும் செல்போனில் பார்க்கலாம். வரைபடத்தில் ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். காலையில் காபிக்கு முன்னால் அதைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அதே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்பது பேர் வாட்ஸ்அப்பில் ஒன்று சேர்ந்தோம். நாகப்பட்டினத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பி, கோவை கல்லூரி மாணவி, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் என்று ஆளுக்கொரு ஊர். எல்லோருக்கும் வாத்தியார், தூத்துக்குடி தோணியில் தண்டலாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி. அவருக்கு செல்போனில் டைப் செய்யப் பொறுமை கிடையாது. எல்லாமே குரல் பதிவுதான். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தார்.

செப்டம்பர் 21. தென் இந்தியப் பெருங்கடலில் புயல். டோமியின் பாய்மரம் முறிந்து, முதுகில் பலத்த அடிபட்டு, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அதே புயலில் தன் பாய்மரங்களையும் இழந்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்கக்கின், உடைந்த படகோடு டோமி இருந்த பக்கம் திரும்பினார். இத்தனைக்கும் அவர் போட்டியாளர்! மூன்று இரவு எங்களில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. 24-ம் தேதி 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் டோமியை மீட்டது. பிறகு மெக்கக்கினையும் ஏற்றிக்கொண்டது.

அடுத்த ஜனவரியில் பிச்சாவரத்தில் சந்தித்தோம். சிங்கப்பூர்காரர் மட்டும் வரவில்லை. பாய் விரிக்க வழியே இல்லாத இடம் அது. சுரபுன்னைக் கிளைகள் தலையில் இடிக்கிற குறுகிய கால்வாய்களில் துடுப்புப் படகுதான் போகும். படகோட்டி, 'இதயக்கனி' படப்பிடிப்பில் ஆரம்பித்து, சுனாமியின் வேகத்தை இந்தக் காடு எப்படித் தடுத்தது என்பதுவரை சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணாச்சி எதையும் கேட்கவில்லை. குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "வத்தம் ஆரம்பிச்சாச்சு, படகத் திருப்புங்க தம்பி" என்றார். படகோட்டி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு, பேசாமல் துடுப்பை அவர் கையில் கொடுத்தார்.

கரை ஏறியதும் அண்ணாச்சி ஒரு கட்டளை போட்டார். கடலுக்குப் போனவன் தினம் ஒரு சத்தம் கொடுக்கணும். அதுபோல நாமும் காலையில் ஆளுக்கொரு வணக்கம் போடணும். வேறு குழுக்களில் வரும் ரோஜாப்பூ வணக்கத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல். இதில் மட்டும் ஒருநாள்கூடத் தவறவில்லை, 2021 மே மாதம் வரை.

கொரோனா வந்து வீட்டில் தனியாகக் கிடந்தேன். மகள் பெங்களூரில், ஊரடங்கு. இரண்டு நாள் செல்போனைத் தொடவே தெம்பில்லை. மூன்றாம் நாள் மதியம் வாசலில் பைக் சத்தம். நாகப்பட்டினம் தம்பி! மருந்துக்கடைக்காரர் என்பதால் வழியில் விட்டிருக்கிறார்கள். ஆக்ஸிமீட்டர், மாத்திரை, ஒரு பை சாத்துக்குடி எல்லாவற்றையும் கேட்டில் மாட்டிவிட்டுத் தெருவிலேயே நின்றார். "அக்கா, விரல்ல மாட்டி நம்பரைச் சொல்லுங்க. அண்ணாச்சி லைன்ல இருக்கார்."

93 என்றேன். அவர் யார் யாருக்கோ போன் செய்து, மாலையே எனக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. பதினோரு நாள் இருந்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு அண்ணாச்சியின் குரல் வரும். "தங்கச்சி, சத்தம் கொடு."

டோமி 2022-ல் மறுபடி அதே பந்தயத்துக்குக் கிளம்பினார். 2023 ஏப்ரல் 29, இரண்டாவதாகக் கரை சேர்ந்தார். குழுவில் ஒரே கூத்து. அண்ணாச்சியிடமிருந்து மட்டும் 11 நொடிக்கு ஒரு குரல் பதிவு. போட்டுக் கேட்டேன். பேச்சே இல்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்தான்.